ஒரே சர்க்கரை, வேற வேற முடிச்சு

போன ஞாயித்துக்கிழமை ரங்கூன்ல வழக்கம்போல கரண்ட் இல்ல, அப்பத்தா மாடித் தொட்டியில இருந்து சோத்துக்கத்தாழை ரெண்டு மடல் வெட்டி, மஞ்சப்பால் வடியட்டும்னு சாய்ச்சு வச்சுட்டு, உள்ள இருக்குற சோத்த கழுநீர்ல ஏழு தடவ அலசிட்டு இருந்துச்சு. "எதிர்ப்பு சக்திடா, குடி"ன்னு டம்ளர நீட்டுச்சு.

அந்த வழுவழுப்புதான் பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரைய மாலையா கோர்த்த மாதிரி. எந்தச் சர்க்கரைங்கறத விட எப்படி கோர்த்திருக்குங்கறதுதான் முக்கியம். அரிசி மாவும் வைக்கோலும் எடுத்துக்கங்க, மாவுல இருக்குற ஸ்டார்ச்சும் வைக்கோல்ல இருக்குற செல்லுலோஸும் முழுக்க குளுக்கோஸ்தான், ஆனா ஒரு சர்க்கரைய அடுத்ததோட கோர்க்குற முடிச்சு மாவுல ஆல்பா வகை, வைக்கோல்ல பீட்டா வகை, அதனால ஒண்ணு நமக்கு சோறு இன்னொண்ணு மாட்டுக்கு.

நம்ம வெள்ளணுக்களும் இந்த முடிச்சத்தான் தடவிப் பாக்குது. மேக்ரோஃபேஜ்னு ஒரு வகை வெள்ளணு, அது மேல டெக்டின்-1னு ஒரு புரதம் இருக்கு, அது பீட்டா-1,3 முடிச்சு (ஒரு சர்க்கரையோட 1ஆம் கார்பன் அடுத்ததோட 3ஆம் கார்பன்ல சேர்றது) இருந்தா புடிச்சுக்கும். இப்படி பீட்டா முடிச்சு போட்ட குளுக்கோஸ் சங்கிலிக்கு பீட்டா-குளுக்கான்னு பேரு, பார்லி, ஓட்ஸ்ல அது 1,3யும் 1,4ம் கலந்து கிளையில்லாம நீளமா போகும். காளான்ல (செடி இல்லதான், தெரியும்) 1,3 தண்டுல 1,6 கிளை. ஷிடாகே காளான்ல எடுத்த லென்டினான ஜப்பான்ல 1985ல இரைப்பை புற்றுநோய்க்கு கீமோவோட சேத்து ஊசியா போட அனுமதிச்சாங்க, ஊசிங்க, சூப் இல்ல! இன்னொரு கூத்து, கரைஞ்ச பீட்டா-குளுக்கான் டெக்டின்ல ஒட்டும் ஆனா உசுப்பாது, துகளா இருந்தாத்தான் செல்லு முழுசா முழிச்சுக்கும்.

கத்தாழைல இருக்குறது அசிமன்னான், மேனோஸ்ங்கற சர்க்கரையோட சங்கிலி, அதுல அங்கங்க அசிட்டைல்னு சின்ன அணுக்கூட்டம் தொங்கும். காரம் (மிளகா காரம் இல்ல, அமிலத்துக்கு எதிரானது) பட்டா அந்த அசிட்டைல் கழண்டுரும், ரொம்ப சூடு காட்டி காய வச்சாலும் அமைப்பு கெட்டுப்போகும். அதனால டப்பால "பாலிசாக்கரைடு இத்தனை சதவீதம்"னு போட்டிருந்தா நான் மயங்குறதில்ல, எடை சொல்றான், முடிச்சு சொல்லலையே. ஆய்வகத்துல "வெள்ளணுவ தூண்டுச்சு"ன்னு வர்ற முடிவையும் அப்படியே நம்பிற முடியாது, செடிச்சாறுல எண்டோடாக்ஸின் (சில பாக்டீரியாவோட மேலுறைல இருக்குற நச்சு) துளி ஒட்டியிருந்தாலே மேக்ரோஃபேஜ் துள்ளும், பேரு செடிக்குப் போயிரும். அத சோதிச்சாங்களான்னுதான் நான் மொதல்ல தேடுவேன். குடிச்சா குடல்ல என்ன ஆகுதுங்கறது வேற கத, நம்ம என்சைம் இத வெட்டாது, கீழ இருக்குற கிருமிங்கதான் பிச்சுத் திங்கும்.

இதெல்லாம் சொல்லிட்டு, "கொதிக்க வச்சுராத அப்பத்தா"ன்னேன்.

"கத்தாழைய யாருடா கொதிக்க வைப்பா, கிறுக்கா"ன்னு ரெண்டாவது டம்ளர ஊத்துச்சு.