நெருப்பில் வந்த குளிர்

1997இல், போர் நடந்த காலத்தில், இலங்கையின் வன்னியில் இருக்கும் மல்லாவியில் தடுப்பூசி வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் முதலில் ஒப்படைக்கப்பட்டது ஒரு மண்ணெண்ணெய்க் குளிர்சாதனப் பெட்டி. வன்னியில் கரண்ட் நின்று ஏழு வருசம் ஆகியிருந்தது. கிளிநொச்சிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த சனம் மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டு இருந்தது. கைக்குழந்தைகள் எக்கச்சக்கம். ஊசி மருந்து 2 பாகைக்குக் கீழும் போகக்கூடாது, 8 பாகைக்கு மேலும் போகக்கூடாது.

அந்தப் பெட்டியின் அடியில் விளக்கு எரியும், உள்ளே குளிரும். விளக்கின் சூட்டில் அமோனியாக் கரைசல் கொதித்து, பிரியும் அமோனியா குழாய்களில் சுற்றி மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள்ளிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். சுவாலை நீலமாக நிற்க வேண்டும். மஞ்சளானால் புகைக்குழாயில் கரி பிடித்து, பெட்டி குளிராது. சற்றுச் சரிந்து நின்றாலும் குளிராது. அதனால் காலையில் எழும்பியதும் நான் பார்ப்பது சுவாலையின் நிறத்தைத்தான். பிறகு திரியைக் கத்தரித்து, கரியைத் துடைத்து, எண்ணெயை அளந்து விடுவேன்.

அரசாங்கம் வன்னிக்குப் போட்டிருந்த பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கிடைப்பதே பாடு. வீட்டில் ஜாம் போத்தல் விளக்குத்தான். அடியில் பஞ்சை வைத்து, அது நனைய மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில் கோத்த நூல்திரியை இறக்கினால் சரி. அந்த வெளிச்சத்தில்தான் பதிவுக் கொப்பி எழுதினேன். சைக்கிளைக் கவிழ்த்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவை ஓடவிட்டு பிபிசி தமிழோசை கேட்போம். எது எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் கஷ்டம் திரும்பி வரவே வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கைத் தொலைத்ததுதான் எனக்கு வருத்தம்.

2022இல் நாட்டில் பொருளாதார நெருக்கடி. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லை. எங்கள் நிலையத்தில் இருந்த இளம் தங்கச்சி அரை மணிக்கொரு தரம், கரண்டில் ஓடும் மருந்துப் பெட்டியின் மூடியைத் தூக்கி வெப்பமானியைப் பார்த்தாள். கைப்பேசியின் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து அதன் சார்ஜும் முடிந்தது. மருந்து பழுதாகிவிடும் என்று கண் கலங்கி நின்றாள்.

"பிள்ளை, திறக்காதை," என்றேன். "சுத்திவர ஐஸ் இருக்கு. மூடி வைச்சால் அது தாங்கும். திறக்கத் திறக்கத்தான் குளிர் போகும்."

அவளில் பிழையில்லை. பச்சை லைற் எரிந்தால் எல்லாம் சரி என்றுதான் நாங்கள் பழக்கியிருந்தோம். அந்த லைற் அணைந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும்தான்.

மூடியின் மேல் கடதாசி ஒட்டி, மூடிய நேரத்தைப் பென்சிலால் எழுதினோம். பின்னேரம் ஐந்து மணிக்கு ஒருக்கால் மட்டும் திறந்தோம். 6 பாகை. அவள் அதைக் கொப்பியில் பதிந்துவிட்டு, "அந்த மண்ணெண்ணெய்ப் பெட்டி எப்பிடியக்கா குளிர்ந்தது?" என்று கேட்டாள்.

கதிரையை இழுத்துப் போட்டு, சுவாலையின் நிறத்திலிருந்து தொடங்கினேன்.