"தம்பி, அந்தப் பாட்டில வாற சத்தம் மாதிரி…"

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சின்னச் சின்ன ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் பாதி வேலை இந்த வசனத்தோடுதான் வரும். முப்பது விநாடி வானொலி விளம்பரமோ, கலியாண வீடியோவுக்கான பாட்டோ, கேட்பவரின் போனில் ஒரு முன்மாதிரி தயாராக இருக்கும். இதை நகல் வேலை என்று முகம் சுளிக்கிற இளம் தயாரிப்பாளர்கள் உண்டு. சுளிக்கத் தேவையில்லை. ஒரு சத்தத்தை அடியிலிருந்து கட்டிப் பார்க்காதவருக்கு, அதில் எதைத் திருகினால் என்ன ஆகும் என்பது பிடிபடாது.

எண்பதுகளின் காதல் பாட்டுகளில் கேட்கும் மணிபோன்ற எலெக்ட்ரிக் பியானோவை எடுங்கள். 1983 இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டின் குரல் அது. டெக்செட் என்ற இலவச பிளகின் (இசை மென்பொருளுக்குள் ஓடும் துணை நிரல்) அதே ஆறு ஒப்பரேட்டர்களை, அதாவது சத்த அலையைப் பிறப்பிக்கும் அலகுகளை, கணினிக்குள் தருகிறது. அவற்றை இணைக்கும் முறைகளில் 5ஆம் அல்கோரிதத்தைத் தெரிவு செய்தால் ஆறும் மூன்று சோடிகளாகும். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று ஒலிக்கும், மற்றது அதை அசைக்கும். முதற்சோடியில் அசைப்பதற்கு விகிதம் 14 (நோட்டின் அதிர்வெண்ணைப்போல 14 மடங்கு), மட்டம் 60 அளவில். சுத்தியல் உலோகத்தில் பட்டதுபோல வரும் 'டிங்' இதுதான். அதன் என்வலப் (சத்தம் எழுந்து அடங்கும் வடிவம்) சட்டென்று தேய்ந்துவிட வேண்டும். மற்ற இரண்டு சோடிகளிலும் எல்லா விகிதமும் 1. அவற்றில் ஒரு சோடியைச் சற்றே டிடியூன் செய்தால் (சுருதியை மயிரிழை விலக்கினால்) சத்தத்துக்கு உடம்பு வரும்.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் காதைக் குத்துகிறதா? பிழை பட்சில் (இந்த எண்களின் தொகுப்பில்) இல்லை, வெலோசிட்டியில், அதாவது விசையை எவ்வளவு ஓங்கி அடித்தீர்கள் என்று சொல்லும் எண்ணில். அழுத்தம் கூடக் கூட அந்த 'டிங்' கூர்மையாகும்படி அமைத்திருக்கிறார்கள். அசல் டிஎக்ஸ்7 இன் விசைகளை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் உச்ச எண்ணான 127 ஐத் தொடுவது அரிது. கணினியோடு இணைக்கும் இன்றைய மிடி கீபோர்டுகள் அதை இலேசாக அனுப்பிவிடும். ஆகவே உச்சத்தை 100 இல் நிறுத்துங்கள். மவுஸால் வரைந்த நோட்டுகள் என்றால் 60 க்கும் 95 க்கும் இடையில் கலைத்து விடுங்கள். இதைச் செய்யாமல் ஈக்குவலைசரில் மேல்சுருதிகளை வெட்டுபவர்கள் மணியையும் சேர்த்துத்தான் வெட்டுகிறார்கள்.

இன்னும் ஏதோ குறைகிறது என்பார் வாடிக்கையாளர். குறைவது கோரஸ்: சத்தத்தின் நகலைச் சற்றுத் தாமதித்து, அசைத்து, அதனோடு கலக்கும் விளைவு. டிஎக்ஸ்7 க்குள் கோரஸோ எதிரொலியோ கிடையாது. பதிவுகளில் நாம் கேட்கும் மினுமினுப்பு வெளியே சேர்க்கப்பட்டது. ஆனால் இடமும் வலமும் எதிரெதிராக அசையும் கோரஸை மோனோவில் ஒன்றாக்கினால் அந்த அசைவு பெரும்பாலும் அடங்கிவிடும். கலியாண மண்டபத்து ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் மோனோவில்தான் ஓடும். பல போன் ஸ்பீக்கர்களும் அப்படியே. மோனோ பொத்தானை அழுத்திக் கேட்காமல் கோப்பை அனுப்பக் கூடாது.

பழைய பதிவிலிருந்து இரண்டு விநாடி வெட்டி ஒட்டுவது வேறு விடயம். நமது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கெனத் தனி உரிமை உண்டு. சத்தத்தின் நிறத்தை நீங்களே கட்டும்போது அந்தப் பதிவில் கை வைப்பதில்லை. மெட்டையும் சேர்த்து எடுத்தால் கதை மாறும்.

சரி, புதுமை எங்கே? தெரிந்த கருவியில் தெரியாத அசைவு. ரோலண்ட் டிபி-303 கிற்றார் வாசிப்பவருக்கு பேஸ் துணையாகச் செய்யப்பட்ட பெட்டி. மும்பாய்ச் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982 இலேயே அதில் இராகங்களை ஓடவிட்டுப் பதிவு செய்தார். சிக்காகோக்காரர் அதே பெட்டியில் அசிட் ஹவுஸ் என்ற நடன இசையை இசைத்தட்டில் கொண்டுவந்தது 1987 இல். திருகுகள் அவைதான், ஓடவிட்ட ஸ்வரங்கள் வேறு.

ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு வந்தால், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குச் சறுக்கும் 303 இன் வழுக்கல் உதவாது. இடைவெளி சிறிதோ பெரிதோ, அது எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்றே. தோடி இராகத்தின் காந்தாரம் ரியை ஒட்டி மவை எட்டி அசைவது. போர்ட்டமென்டோவில் (கீபோர்டின் அதே வழுக்கல் வசதியில்) அதைப் பிடிக்கப் போனால் அம்புலன்ஸ் சைரன் கேட்கும். சைன் எல்எஃப்ஓவில் (சீராக மேலும் கீழும் அசைக்கும் மெதுவான அலையில்) போட்டால் ஆட்டம் இருபக்கமும் சமமாகி உயிரற்றுப் போகும். போர்ட்டமென்டோவைப் பூச்சியமாக்கி, காந்தார நோட்டைப் பிடித்தபடி பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும்) வளைகோட்டைக் கையால் வரையுங்கள். கீபோர்டுகளில் வழமையாக இருக்கும் இரண்டு செமிடோன் (அரைச்சுர) அளவே போதும்: கீழே இரண்டு சுத்த ரிஷபம், மேலே இரண்டு சுத்த மத்திமம். கீழே சற்றுக் கூட நேரம் தங்கட்டும், மேலே தொட்டுவிட்டுத் திரும்பட்டும். மேலே கண்ட பியானோவில் எல்லாமே நிலையான அதிர்வெண்ணில் இல்லாமல் நோட்டுக்கு விகிதமாக இருப்பதால் வளைக்கும்போது 'டிங்'கும் கூடவே வளையும், சுருதி பிசகாது.

கோரஸ்தான் இங்கே இடைஞ்சல். அதுவும் சுருதியைத்தானே அசைக்கிறது? கமகம் கலங்கிவிடும். கோரஸை எடுத்தாலோ "அந்தச் சத்தம் இல்லையே" என்பார்கள். ஒரே பட்சை இரண்டு ட்ராக்கில் போட்டு, இடக்கை கோர்டுகளுக்குக் கோரஸை விட்டு, மெட்டு வாசிக்கும் ட்ராக்கில் அதை முழுவதுமாக எடுத்துவிட்டால் இரு பக்கமும் சமாளிக்கலாம்.