கொலை வழக்கில் துதிக்கை லை

பத்திரிகைத் துண்டு ஒருவழியாகத் தேறிவிட்டது. நான் தயாரிக்கும் துப்பறியும் நாவல் ஒரு வழக்குக் கோப்பு வடிவில் வருகிறது; கடிதம், வாக்குமூலம், செய்தித் துண்டு எல்லாம் தனித்தனி உறைகளில் இருக்கும். அவற்றில் ஒன்றுக்குள் போகவேண்டிய 1974ஆம் வருடச் செய்தி: ‘ஒரே குடும்பத்தில் நால்வர் கொலை’. என்னைப் படுத்தி எடுத்தது அந்தக் கடைசி எழுத்துதான்.

பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு ஏற்றது 1978 அக்டோபரில். அதற்கு முந்தைய அச்சில் லை, ளை, ணை, னை நான்கும் ஐகாரக் கொம்புக்குப் பதிலாக யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ணா, றா, னாவுக்குத் தனிச் சுழி. இதே மூன்றின் ஒகர, ஓகார வரிசைகளையும் சேர்த்து மாறியவை மொத்தம் 13. கணினியில் தட்டினால் அத்தனையும் இன்றைய உருவத்தில் வந்து விழுகிறது. கொலை, மனைவி, விசாரணை, காணாமல் போன நகை. இவற்றைத் தவிர்த்துக் கொலைச் செய்தி எழுத யாரால் முடியும்?

பழைய வார இதழை ஸ்கேன் செய்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்து, அச்சுக்கான பிளாக் எடுத்து, காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். முதல் தாளில் துதிக்கை வளைவுக்குள் மை அடைத்துக்கொண்டு லை வெறும் பொட்டாகத் தெரிந்தது. “மையும் ஜாஸ்தி, அழுத்தமும் ஜாஸ்தி தம்பி” என்ற அச்சக அண்ணாச்சி, உருளையைத் துடைத்தார், அச்சுத் தாளுக்கு அடியில் வைக்கும் பேக்கிங்கிலிருந்து ஒரு தாளை உருவினார், மறுபடி மிதித்தார். வளைவு திறந்துகொண்டது! பின்பக்கத்தில் பாதியில் வெட்டுப்பட்ட பல்பொடி விளம்பரமும் உண்டு. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் பத்திரிகைத் துண்டை எவன் நம்புவான்?

பழுப்பேற்ற டீ டிகாக்‌ஷனில் நனைக்கச் சொல்பவர்கள் தயவுசெய்து நியூஸ்பிரிண்டை விட்டுவிடவும். சுருங்கி அப்பளமாகிவிடும். மொட்டைமாடி வெயில் போதும், தானாகவே பழுக்கும்.

இவ்வளவு மெனக்கெட்டது அழகுக்காக அல்ல. அடுத்த உறையில் சித்தப்பா எழுதிய இன்லாண்டு கடிதம் இருக்கிறது, தேதி 1974. அதில் புது லை. அப்படியென்றால் 1978க்குப் பிறகு எழுதி, 1974 என்று பொய்த் தேதி போட்ட கடிதம் என்று வாசகர் துள்ளுவார். ஆனால் சித்தப்பா கருப்புச்சட்டைக்காரர். பெரியாரின் குடியரசு இதழ் 1935லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டது. அதைப் படித்து வளர்ந்தவர் 1974இல் அப்படி எழுதியிருக்கவும் கூடும். வழக்கு துப்புத் துலங்காமலே நிற்கும். 1936இல் லண்டனில் தலைமுடி, தீக்குச்சியெல்லாம் வைத்து வந்த துப்பறியும் கோப்பில்கூட விடையை முத்திரையிட்டுக் கடைசியில் வைத்திருந்தார்கள். என்னுடையதில் அந்த உறையே கிடையாது.

சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே என்று கேட்ட நண்பருக்கு: அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, போலீசிடம் 161ஆவது பிரிவின் கீழ் கொடுத்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது. 162ஆவது பிரிவு அதைத்தான் சொன்னது. 1898 சட்டத்திலும் 1973 சட்டத்திலும் அதே எண்கள். தைரியமாக வெறுமையாக விட்டிருக்கிறேன்.

எழுதாத பழைய இன்லாண்டுகள் தபால்தலை சேகரிப்பவர்களிடம் கிடைக்கும். திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளிலும் கிளறிப் பார்க்கலாம். அட்டைக் கோப்பு இன்னும் தைக்கவில்லை, அதற்குள் மனசு தந்திக்குத் தாவிவிட்டது. 2013 ஜூலையோடு சேவை முடிந்துவிட்டதால் வெற்றுப் படிவத்துக்கு அநியாய விலை சொல்கிறார்கள். செய்தி அச்சான டெலிபிரிண்டர் காகித நாடாவைத் துண்டுதுண்டாக வெட்டிப் படிவத்தில் ஒட்டியதுபோல் வரவேண்டும். கோந்து கொஞ்சம் பிதுங்கினால் இன்னும் நல்லது. யாரிடமாவது படிவம் உபரியாக இருந்தால் சொல்லுங்கள், பதிலுக்கு இரண்டு இன்லாண்டு தருகிறேன்.