ஒன்றேகால் அங்குலத் துளை: சிட்டுக்குருவிப் பெட்டிகள், இரண்டாம் ஆண்டு

மார்ச் 22ஆம் தேதி காலை ஏழேகால் மணிக்கு, திருவையாற்றுக்கு அருகிலுள்ள எங்கள் ஊர் வீட்டுத் தாழ்வாரத்தில் மாட்டியிருந்த பெட்டியிலிருந்து சிட்டுக்குருவிக் குஞ்சு ஒன்று தலையை நீட்டி, மூன்று முறை உள்ளே இழுத்துக்கொண்டு, நான்காம் முறை எதிரிலிருந்த துணிக்கொடிக்குப் பறந்து சேர்ந்தது. மற்ற இரண்டும் ஒன்பது மணிக்குள் கிளம்பிவிட்டன. இரண்டு ஆண்டுகளில் நான் செய்த ஒன்பது பெட்டிகளில் குஞ்சு பறந்த பெட்டி இது ஒன்றுதான். தஞ்சாவூர் வீட்டில் மாட்டிய மூன்றிலும் இன்றுவரை ஒரு குருவிகூட இறங்கவில்லை. ஊரில் பலித்தது நகரத்தில் ஏன் பலிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் பெட்டியின் வாயில் துளையில்தான் வந்து நிற்கிறேன்.

பெட்டியின் அளவுகளில் எனக்குக் குழப்பம் இருந்ததில்லை. அடிப்பலகை 15 செ.மீ. சதுரம், உயரம் 22 செ.மீ., மூலைகளில் நீர் வடிய நான்கு சிறு துளைகள், சுத்தம் செய்யத் திறக்கும் பக்கவாட்டுக் கதவு என்று எல்லோரும் செய்வதையே செய்தேன். வாயில் துளை மட்டும் 32 மி.மீ. இருக்க வேண்டும். ஆசாரிகளின் கணக்கில் அது ஒன்றேகால் அங்குலம். முதல் ஆண்டு நான் பொறுப்பை ஒப்படைத்த ஆசாரி, "இவ்வளவு சின்ன ஓட்டையில குருவி எப்படிங்க நுழையும்?" என்று பரிதாபப்பட்டு, என்னைக் கேட்காமலேயே இரண்டு அங்குலமாக்கிவிட்டார். அந்த ஆண்டின் நான்கு பெட்டிகளிலும் மைனாக்கள் குடியேறின. விழாக்களில் இலவசமாகக் கொடுக்கும் அட்டைப் பெட்டிகளிலும் இதே தவறுதான் நடக்கிறது. போதாக்குறைக்குத் துளைக்குக் கீழே அழகுக்கு ஒரு குச்சியும் செருகிவிடுகிறார்கள். குருவிக்கு அந்தக் குச்சி தேவையே இல்லை, குஞ்சைக் கவர வரும் காகத்துக்குத்தான் அது வசதியான இருக்கை.

இரண்டாம் ஆண்டு, டிரில்லில் மாட்டி வட்டமாகத் துளை அறுக்கும் ஹோல்சா என்ற கிண்ண வடிவ ரம்பத்தை வாங்கி நானே துளையிட்டேன். ஒரே பக்கமாக முழுவதும் அறுத்தால் பின்பக்கத்தில் மரம் சிலும்பிக்கொண்டு நிற்கிறது. அந்தச் சிம்பு உள்ளே நுழையும் பறவையின் நெஞ்சில் குத்தும். ஆகவே நடு ஊசி மறுபுறம் எட்டிப் பார்த்தவுடன் நிறுத்திவிட்டு, பலகையைத் திருப்பி அதே ஊசித் துளையில் வைத்து மீதியை அறுக்க வேண்டும். ஆட்டம் காணும் டிரில்லாக இருந்தால் 32 என்பது எளிதில் 34 ஆகிவிடும். பழைய பலகைத் துண்டுகளில் ஏழு துளைகள் போட்டுப் பார்த்த பிறகே கை நின்றது. விளிம்பை உப்புத்தாளால் உருட்டினேன், உட்புறத்தை மட்டும் இழைக்காமல் சொரசொரப்பாகவே விட்டேன். குஞ்சு ஏறி வெளியே வருவதற்கு நகம் பற்ற இடம் வேண்டும். பலகைக்குப் பொருள் அனுப்பும் பெட்டிகளைப் பிரித்து விற்கும் கடையில் பைன் மரம் மலிவாகக் கிடைக்கிறது. ஆணிகளைப் பிடுங்கும் வேலைக்கு ஒரு நாளை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

ஊர்ப் பெட்டியின் குறிப்பேடு இது. பிப்ரவரி 9இல் ஆண் குருவி வைக்கோல் கொண்டுவந்தது. 22இல் இரண்டு முட்டைகள், 24இல் நான்கு. மார்ச் 7இல் மூன்று குஞ்சுகள், ஒரு முட்டை பொரிக்கவில்லை. தாய் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, அரை நிமிடத்துக்கு மேல் கதவைத் திறந்து வைக்கவில்லை. பொரித்த முதல் வாரம் முழுவதும் பெற்றோர் இரண்டும் கொண்டுவந்தது பெரும்பாலும் பச்சைப் புழுக்கள். சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து விதைத்திருந்த எங்கள் வயலுக்கு, பக்கத்து வயல்காரர் கேலி செய்தும், இந்த முறை பூச்சிமருந்து அடிக்கவில்லை. வளர்ந்த குருவி தானியம் தின்று வாழ்ந்துவிடும், குஞ்சுக்குப் புழு பூச்சி வேண்டும். மொட்டைமாடியில் அரிசி இறைப்பவர்களிடம் இதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது.

முற்றத்தில் காயும் தானியம், மன்றத்தில் எருவின் தூள், வீட்டின் இறைவாரத்தில் கூடு என்று குறுந்தொகையின் 46ஆம் பாட்டு குருவிக்கு வேண்டியதையெல்லாம் சொல்லிவிடுகிறது. ஊர் வீட்டில் இம்மூன்றும் இன்னும் இருக்கின்றன. தஞ்சாவூர் வீட்டில் சுற்றிலும் சிமெண்டுக் கல் பதித்துவிட்டோம், மண்ணில் புரள ஒரு முழ இடம் இல்லை, ஓட்டு இடுக்கும் இல்லை. குருவி குறைந்ததற்குக் கைபேசிக் கோபுரத்தின் மேல் பழி போடுபவர்களுக்கு, எங்கள் ஊரிலும் கோபுரம் நிற்கிறது என்பதைத்தான் சொல்ல முடியும். 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையும், நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்துவருகிறது என்றது.

இனி அணில். தஞ்சாவூரில் 32 மி.மீ. துளை தனக்குப் போதாது என்று கண்ட அணில், பைன் மரத்தைச் சுற்றிலும் கொறித்து ஒரே வாரத்தில் 45 மி.மீ. ஆக்கிவிட்டது. எண்ணெய் டின்னை வெட்டித் தகடு அடித்துப் பார்த்தேன். எவ்வளவு அரம் போட்டாலும் விளிம்பின் கூர்மை போகவில்லை. கடைசியில் கீழவாசல் பக்கம் ஓர் இரும்புக் கடையில் 30 மி.மீ. போல்ட்டுக்கான வாஷரைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு சிரித்துவிட்டேன். உள்விட்டம் 31 மி.மீ., கனம் 4 மி.மீ., விளிம்பில் பிசிறு இல்லை. அதில் துளையிட வேண்டியதுமில்லை, மூன்று பக்கமும் திருகாணி முடுக்கினால் ஆணித்தலைகளே அதை அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. வெயிலில் இரும்பு சுடும் என்பதால் பெட்டிகளை வடக்கு நோக்கித் திருப்பினேன்.

சிட்டுக்குருவிகள் அடுத்தடுத்துக் கூடு கட்டிக் கூட்டமாக வாழ்பவை என்பதால், மூன்று அறைகளுள்ள நீளப் பெட்டி ஒன்றுக்கும் பலகை வாங்கிவிட்டேன். கொல்லைப்புறத்தில் நான்கு வரிசைக் கல்லைப் பெயர்த்து அவரையும் கம்பும் போடும் எண்ணமும் இருக்கிறது, வீட்டில் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் பழைய பெட்டிகளின் வேலையே முடியவில்லை. இரண்டுக்கு வாஷர் பொருத்தியாயிற்று. மூன்றாவதை நேற்று கழற்றப் போனபோது, தேங்காய் நார்ப் பொதிக்குள் கண் திறக்காத அணில் குட்டிகள் இரண்டு சுருண்டு கிடந்தன. கதவை மூடி, திருகாணிகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன். அவை வெளியேறும்வரை அந்தப் பெட்டி அணிலுடையதுதான்.