கத்திரி வெயிலில் சிறுகீரை: மூன்றாவது விதைப்பில் பை நிறைந்தது

மொட்டை மாடியில் இரண்டு முறை திட்டுத்திட்டாக முளைத்துக் கருகிய சிறுகீரை, மூன்றாவது விதைப்பில் செடி வளர்க்கும் பை முழுக்க வந்துவிட்டது. இன்று 12-ம் நாள், நாலு இலை.

கோளாறு விதையில் இல்லை, பாதி மேல்மண்ணில். அரை சென்டிமீட்டருக்குக் கீழே போன கீரை விதை முட்டி மேலே வருவது கடினம். அந்த அரை சென்டிமீட்டரோ மே மாதச் சென்னையில் காலை பத்து மணிக்கே காய்ந்து பொருக்குத் தட்டிவிடுகிறது. முளை அதற்கடியிலேயே செத்துப்போகும். செம்மண் கூடுதலான கலவையில் இன்னும் மோசம்.

இந்த முறை 2 அடிக்கு 2 அடி பையை முந்தின நாள் மாலையே அடிவரை நனைத்தாயிற்று. அரை கிராம் விதை, இரண்டு கைப்பிடி காய்ந்த மணலில் கலந்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தூவல். மேலே மண்ணே போடவில்லை. சலித்த மண்புழு உரம், விதை மறையும் அளவுக்கு மட்டும். அதன்மேல் நனைத்துப் பிழிந்த சணல் சாக்கு. பூவாளித் தண்ணீரும் சாக்கின் மேல்தான். நேரே ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்தில் போய் ஒதுங்கும்.

சாக்கை எடுக்கும் நேரத்தில்தான் எல்லாமே இருக்கிறது. இரண்டாம் நாள் மதியத்திலிருந்து ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டும். கொக்கி மாதிரி வளைந்த வெள்ளை முளை அங்கங்கே தெரிந்தால் அன்று மாலையே எடுத்துவிட வேண்டும், பொழுது சாய்ந்த பிறகு. ஒரு நாள் தவறினால் நாற்று வெளிறி நீண்டு, சணல் இழைக்குள் தலையை நுழைத்து, சாக்கோடு பிடுங்கிக்கொண்டு வரும். முதல் இரண்டு விதைப்பில் பாதி சேதம் இப்படித்தான்.

பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து பகல் இரண்டு மணிக்கு வரும் தண்ணீர் கை சுடும், இளநாற்று வெந்துவிடும். காலை ஏழுக்குள் ஊற்றுவதே சரி. 50 சதவீத நிழல்வலை முதல் பத்து நாளுக்குப் போதும். அதற்கு மேல் வைத்தால் தண்டு மெலிந்து சாயும். பாரிமுனையில் தார்ப்பாய், கயிறு விற்கும் கடைகளில் வலையை மீட்டர் கணக்கில் கேட்டுப் பார்க்கலாம். தேதி அச்சடிக்காத விதைப் பொட்டலம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பாலக்கை மார்கழிக்குத் தள்ளியாயிற்று. இந்த வெயிலில் அது பூத்தண்டு விட்டு இலை கசக்கும். அந்தப் பைக்குக் கொடிப்பசலை, முழ நீளத் துண்டாக, இரண்டு கணு மண்ணுக்குள். கைப்பிடிச் சுவர்க் கம்பியில் ஏற்றிவிட்டால் மேற்கு வெயிலைக் கீரைப் பைக்குத் தடுத்துக் கொடுக்கும். சிறுகீரையில் நெருக்கமானவற்றை இரண்டு விரல் இடைவெளிக்குக் களைவது இன்னும் பாக்கி.