மாமாவுக்கு துண்டு, எனக்கு கடுதாசி

கனடாவுல இருந்து லீவுக்கு இலங்கையில எங்க ஊரு தலவாக்கலை வந்து நாலு நாள் தான் ஆகுது, டவுன்ல இருந்து மாமாவோட ஆட்டோவுல தேயிலை தோட்டத்துக்கு திரும்பி வர்றப்ப ஒரு வளைவுல பொலிஸ்காரர் கைய காட்டிட்டார். மாமா "சேர் சேர்"னு சிங்களத்துல என்னென்னமோ சொல்லி பாத்தார், ஒன்னும் வேலைக்காகல. லைசன்ஸ வாங்கிக்கிட்டு தண்டம் கட்ட சொல்லி துண்டு எழுதி குடுத்துட்டார். இனி தண்டம் கட்டினா தான் லைசன்ஸ் கைக்கு வரும்.

வழி பூரா மாமா பொலம்பல். "ஒங்க கனடாவுல இப்பிடி மறிப்பானுங்களாடா?"

மறிக்காமயே புடிச்சாங்க மாமான்னு என் கதைய சொன்னேன். டொரன்டோவுல ஸ்கார்பரோ போயி ஒரு வருஷத்துல பழைய கார் ஒன்னு வாங்கினேன், ஒரு நாள் அத ரூம்ல இருக்க பண்டாரவளை பையன் எடுத்துட்டு போனான். கொஞ்ச நாள் கழிச்சி எனக்கு தபால்ல தண்டம் கட்ட சொல்லி டிக்கெட் வருது, கூடவே போட்டோ, கார் பின்பக்கமும் நம்பர் பிளேட்டும் பளிச்சுன்னு. ஸ்கூல் பக்கத்துல 40 கிலோமீட்டர் ஸ்பீட்ல போக வேண்டிய எடத்துல 54. ஓட்டினது அவன், பேரு என்னோடது! அப்ப அங்க ரோட்டோரம் இருந்த ஸ்பீட் கேமரா யாரு ஓட்டினதுன்னு பாக்காது, பிளேட் யாரு பேருல இருந்துச்சோ அவங்க தான் கட்டணும், அதனாலயே லைசன்ஸ்ல தப்பு பொயின்ட் ஏறல. இத்தனைக்கும் அந்த எடத்துல கேமரா இருக்குன்னு போர்ட் வேற இருந்துச்சு, பயலுக்கு கண்ணு தெரியல.

அம்மா வாசல்ல உக்காந்து கேட்டுட்டு இருந்தவங்க, "தேயிலை கொழுந்து நிறுக்கிற தராசு மாதிரின்னு சொல்லு"ன்னாங்க. இல்லம்மா, இதுல தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிக்க மாட்டாங்கன்னேன். "தராசு கழிக்காதுடா, புடிக்கிற ஆளு தான் கழிப்பான்"னு ஒரே போடு. இருந்தாலும் மொகத்தையும் பாஷையையும் பாக்காத கேமரா பெட்டி பரவால்லன்னு தான் எனக்கு அப்ப தோணுச்சு, கட்டின காசு வலிச்சாலும்.

சரி அந்த பெட்டிய வச்சது யாருன்னு மாமா கேட்டார், பொலிஸான்னு. இல்ல, டொரன்டோ சிட்டி, நம்ம நகர சபை மாதிரி. ஆனா சிட்டி தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, ஒன்டாரியோ மாகாணம் 2017ல சட்டம் போட்டு ஸ்கூல் பக்கமும் பாதுகாப்பு வலயத்துலயும் மட்டும் வைக்கலாம்னு விட்டுச்சு, டொரன்டோவுல 2020 ஜூலைல இருந்து டிக்கெட் போக ஆரம்பிச்சிச்சு. குடுத்த கையே புடுங்கியும் எடுத்துருச்சு. முதல்வர் டக் ஃபோர்ட் இது காசு புடுங்குற வேலைன்னு சொல்லி, 2025 நவம்பர் 14ல இருந்து மாகாணம் பூரா ஸ்பீட் கேமராவ தடை பண்ணிட்டார். மேயர்மார் எத்தனையோ பேரு தடை வேணாம்னு எழுதினாங்க, பொலிஸ் தலைவர்கள் சங்கமே கேமரா பக்கம் தான் நின்னுச்சு. பார்க்சைட் டிரைவ்னு ஒரு ரோட்டுல சனம் கேமராவ திரும்ப திரும்ப வெட்டி சாய்ச்சதும் நடந்துச்சு, அது வேற கூத்து. சிகப்பு லைட்ல புடிக்கிற கேமரா மட்டும் இன்னும் இருக்கு.

மாமாவுக்கு இது புதுசா இல்ல. "நம்ம பிரதேச சபையும் அப்பிடி தானே"ன்னார். நெசம் தான், 2018ல சட்டத்த திருத்துற வரைக்கும் தோட்டத்துக்குள்ள ரோடு போட சபை நெனச்சாலும் காசு செலவழிக்க வழியில்ல, எங்க ஓட்டு மட்டும் சபைக்கு வேணும், ரோட்டுக்கு தோட்டத்து மேனேஜர் தொரை வாசல்ல போயி நிக்கணும். திருத்தின பொறகும் எங்க லயத்து வீடுகளுக்கு வர்ற ரோடு அப்பிடியே தான் கெடக்கு, அது வேற விஷயம்.

கேமரா இல்லன்னா எப்பிடி ஸ்பீட கொறைப்பாங்கன்னு மாமா கேட்டார். ரோட்ட மேடாக்குறது, பெரிய போர்ட் வைக்கிறது, ரவுண்ட் அபவுட் போடுறதுன்னு சொல்றாங்கன்னேன்.

"மேடா?" மாமா சிரிச்ச சிரிப்புல அம்மாவும் சேந்துட்டாங்க. "டேய், நம்ம ரோட்டுல வந்து பாக்க சொல்லுடா அந்த ஆள, பள்ளமும் சேத்தே குடுக்குறோம்."

நாளைக்கு காலையில தண்டம் கட்ட மாமாவோட போஸ்ட் ஒபிஸ் போகணும். அவர் லைசன்ஸ் இல்லாம ஓட்ட பயப்படுறார், அதனால பஸ்ல தான்.