அக்காவுக்குத் தவறிப்போன வயது

பெரியவளுக்கு 9 வயதில் மேல் முன்பற்கள் எடுப்பாக வந்தபோது பக்கத்துத் தெரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "எல்லாப் பால்பல்லும் விழட்டும்மா, பெரிய பிள்ளையானதும் கிளிப் போட்டுக்கலாம்" என்றார். நாங்களும் சரி என்று வந்துவிட்டோம். 17 வயதில் போனபோது வேறொரு டாக்டர் சொன்னது இன்னமும் மனதை அறுக்கிறது. பல் எடுப்பாக இருப்பது பாதிதானாம், கீழ்த்தாடை பின்தங்கி நிற்பதுதான் மீதியாம், தாடை வளரும் வயதும் முடிந்துவிட்டதாம். இனி தாடையை நகர்த்த வேண்டுமென்றால் ஆபரேஷன்தான். அது வேண்டாமென்று மேலே இரண்டு பல்லைப் பிடுங்கி முன்பற்களை உள்ளே இழுத்தார்கள். வரிசை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் போட்டோ எடுக்க மட்டும் அவள் இன்றுவரை விடுவதில்லை.

அதனால் சின்னவனுக்கும் அதே வாய் அமைப்பு என்று தெரிந்ததும் 11 வயதிலேயே நேராக ஆர்த்தோடான்டிஸ்டிடம், அதாவது பல்வரிசையையும் தாடையையும் சீராக்கும் சிறப்பு டாக்டரிடம் போனோம். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் முன்பின்னாக 9 மில்லிமீட்டர் இடைவெளி, வாயை மூடினால் கீழுதடு மேல்பல்லுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் டாக்டர் பல்லைவிடக் கழுத்தெலும்பைத்தான் அதிக நேரம் பார்த்தார். அந்த எலும்புகளின் வடிவம் மாறுவதை வைத்து வளர்ச்சி வேகமெடுக்கும் கட்டம் வந்துவிட்டதா என்று கணிக்கலாமாம். அப்புறம் அவனைக் கீழ்த்தாடையை முன்னால் தள்ளிக் கடிக்கச் சொன்னார். பக்கத்திலிருந்து பார்த்தேன், முகமே மாறிவிட்டது. இவ்வளவுதானா, இதை அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே என்று அங்கேயே கண் கலங்கிவிட்டது.

ட்வின் பிளாக் போட்டார்கள். மேலே ஒரு பிளேட், கீழே ஒரு பிளேட், கடைவாய்ப்பல் மேல் ஏறக்குறைய 70 டிகிரி சரிவாக அக்ரிலிக் கட்டைகள். வாயை மூடும்போது ஒரு சரிவு இன்னொன்றில் வழுக்கி, கீழ்த்தாடை முன்னால் வந்துதான் ஆக வேண்டும். 1977-இல் ஸ்காட்லாந்தில் வில்லியம் கிளார்க் என்ற டாக்டர் உருவாக்கியது. சக பல் டாக்டர் ஒருவரின் மகன் கீழே விழுந்து முன்பல் ஆட்டம் கண்டுவிட, கீழுதடு பின்னாலிருந்து அந்தப் பல்லைத் தள்ளிக்கொண்டே இருந்ததால் அதைத் தடுக்கத்தான் முதலில் செய்தாராம். என் மகனும் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறவன், கீழே விழுந்தால் துருத்திய பல் எளிதில் உடையும், அந்தப் பயமும் எனக்கு இருந்தது.

முதல் வாரம் கஷ்டம்தான். எச்சில் ஒழுகும், 'ச' வராது, வகுப்பில் வாசிக்க மாட்டேன் என்று அழுதான். சாப்பிடும்போதும் போட்டிருக்க வேண்டும் என்பதால் சாம்பாரில் ஊறிய இட்லிதான் பத்து நாளும். மேல் பிளேட்டின் நடுவில் இருந்த திருகை ஞாயிறுதோறும் சின்னச் சாவியால் கால் சுற்று திருப்புவேன், கீழ்த்தாடை முன்னால் வரும்போது மேல்வரிசை குறுகலாக இருந்துவிடக் கூடாதே என்று. ஒருமுறை டிஷ்யூவில் சுற்றி வைத்த பிளேட்டைக் கல்யாண மண்டபத்துக் குப்பையில் போட்டுவிட்டு, இரண்டு வாளியைக் கொட்டித் தேடி எடுத்தோம். அன்றிலிருந்து டப்பா இல்லாமல் வெளியே போவதில்லை.

தாடை இதனால் பெரிதாக வளர்ந்துவிடும் என்று டாக்டர் ஆசை காட்டவில்லை, அதுவே எனக்கு நம்பிக்கை தந்தது. பிரிட்டனில் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு இதே பிளேட்டைப் போட்டுப் பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இடைவெளி குறைந்ததில் எலும்பின் பங்கு சுமார் கால்வாசிதான், மீதி பல் நகர்ந்தது. ரொம்பச் சின்ன வயதில் அவசரப்பட்டுத் தொடங்குவதிலும் முன்பல் அடிபடும் வாய்ப்பு குறைவதைத் தவிர பெரிய லாபம் இல்லையாம். வளர்ச்சி வேகமெடுக்கும் நேரம்தான் கணக்கு. 7 வயதில் ஒருமுறை காட்டிவிடச் சொல்கிறார்கள். அது தொடங்குவதற்கு அல்ல, எப்போது தொடங்கலாம் என்று பார்த்து வைக்கத்தான்.

எட்டு மாதத்தில் 9 மில்லிமீட்டர் 3 ஆனது. முறுக்கை முன்பல்லால் கடித்துக் காட்டினான், அக்காதான் அதைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்தாள். அடுத்த மாதம் கம்பி போடுகிறார்கள், அதுவரை பிளேட்டைக் கழற்றக் கூடாது.